மூணு மாச சுகர் டெஸ்ட் ஹெச்பிஏ1சி: எடுக்கறது ஈஸி, படிக்கறதுலதான் விஷயமே இருக்கு

முதல்லயே சொல்லிடறேன், சுகர் இருக்கறவங்களுக்கு இந்த ஹெச்பிஏ1சி ரொம்ப உபயோகமான டெஸ்ட், அஞ்சுக்கு நாலரை ஸ்டார் தாராளமா குடுப்பேன். அரை ஸ்டாரை ஏன் குறைச்சேன்னா ரிப்போர்ட்டை நம்ம கையில குடுக்கற விதம் சரியில்ல. ஒரே ஒரு நம்பர், அதுக்கு கீழ ஒரு அட்டவணை, "பூர் கன்ட்ரோல்"னு ஒரு வார்த்தை, அவ்ளோதான். அதை பார்த்துட்டு வீட்ல ஒருத்தர் அழுவாங்க, இன்னொருத்தர் சண்டை போடுவாங்க. அந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சு, எதனால பொய்யா ஏறும், எதனால பொய்யா இறங்கும்னு யாரும் உட்கார்ந்து சொல்றதில்ல.

எங்க அம்மாவுக்கு பல வருஷமா டைப் 2 சுகர், ரிப்போர்ட் ஃபைல் எல்லாம் என் பொறுப்பு. லேப்ல ஊசி குத்தி எடுக்கறது, கிளினிக்ல விரல் நுனியில குத்தி அங்கயே பார்க்கற மெஷின், கையில ஒட்டிக்கிட்டா நாள் முழுக்க சுகரை பதிவு பண்ற சென்சார்னு மூணையும் வீட்லயே பார்த்தாச்சு. நான் டாக்டர் கிடையாது, ஆனா டாக்டர்கிட்ட கேட்டு கேட்டு புரிஞ்சுகிட்டதையும் தேடி படிச்சதையும் சேர்த்து எழுதறேன்.

எடுக்கற விஷயத்துல இவ்ளோ தொந்தரவு இல்லாத டெஸ்ட் கம்மிதான். வெறும் வயித்துல போகணும்னு இல்ல, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கணக்கு பார்த்து உட்காரணும்னு இல்ல, எந்த நேரத்துல போனாலும் எடுத்துக்கலாம். வயசானவங்களை காலையில பட்டினி போட்டு கூட்டிட்டு போய் வரிசையில உட்கார வெக்கறது எவ்ளோ கஷ்டம்னு செஞ்சவங்களுக்கு தெரியும், அதுக்கே இதுக்கு ஒரு கும்பிடு போடலாம். ஊதா கலர் மூடி போட்ட சின்ன ட்யூப்ல கொஞ்சமா ரத்தம் எடுப்பாங்க, எடுத்த உடனே அந்த ட்யூபை கையில வெச்சு மெதுவா தலைகீழா திருப்பி திருப்பி விடுவாங்க பாருங்க, உள்ள ரத்தம் உறையாம இருக்க ஒரு மருந்து இருக்கு, அது நல்லா கலக்கணும்னுதான் அது. குலுக்கக்கூடாது, திருப்பணும். எங்களுக்கு எடுத்த பொண்ணு அதை பொறுமையா செஞ்சாங்க, "பாட்டி, நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு எல்லாம் இந்த டெஸ்ட்ல தெரியாது, பயப்படாதீங்க"ன்னு அம்மாகிட்ட சிரிச்சுகிட்டே சொன்னாங்க, அது நூத்துக்கு நூறு உண்மை.

ஏன் தெரியாதுன்னா, ரத்தத்துல இருக்கற சர்க்கரை சிவப்பணுக்குள்ள போய் ஹீமோகுளோபின்ல ஒட்டிக்கும். இதுக்கு எந்த என்சைமும் வேணாம், சர்க்கரை எவ்ளோ அதிகமா இருக்கோ அவ்ளோ ஒட்டும், ஒட்டினது அந்த அணு சாகற வரைக்கும் அப்படியே இருக்கும். ஒரு சிவப்பணு கிட்டத்தட்ட 120 நாள் உயிரோட இருக்கும், அதனால எந்த நேரத்துல ரத்தம் எடுத்தாலும் நேத்து பிறந்த அணுவும் இருக்கும், மூணு மாசத்துக்கு முன்னாடி பிறந்ததும் இருக்கும். மொத்த ஹீமோகுளோபின்ல எத்தனை சதவீதத்துல சர்க்கரை ஒட்டியிருக்குங்கறதுதான் ரிப்போர்ட்ல வர்ற 7.2, 8.5 எல்லாம். மூணு மாச ஆவரேஜ்னு சொன்னாலும் மூணு மாசத்துக்கும் சம பங்கு இல்ல, நம்பர்ல பாதி கடைசி ஒரு மாசத்துல இருந்து வருது, மீதி பாதிதான் அதுக்கு முந்தின மாசங்கள். ரெண்டு மாசம் கோட்டை விட்டுட்டு கடைசி மாசம் கண்டிப்பா இருந்தா நம்பர் ஓரளவு நல்லா வரும், அதே மாதிரி நல்லா இருந்தவங்க கடைசி மாசம் காய்ச்சல், ஸ்டீராய்டு மாத்திரைன்னு கஷ்டப்பட்டிருந்தா நம்பர் ஏறியிருக்கும். டாக்டர்கிட்ட இந்த மாதிரி விஷயத்தை மறைக்காம சொல்லணும், இல்லன்னா அந்த ஏற்றத்துக்கு தேவையில்லாம மாத்திரை கூடிடும்.

சதவீதத்தை வீட்டு மீட்டர் நம்பரா மாத்தி பார்த்தாதான் நிறைய பேருக்கு மண்டையில ஏறும். ஏ1சியை, அதாவது இந்த ஹெச்பிஏ1சி நம்பரை, 28.7ஆல பெருக்கி 46.7ஐ கழிச்சா சராசரி சுகர் வரும். 6ன்னா 126, 7ன்னா 154, 8ன்னா 183, 9ன்னா 212, 10ன்னா 240. நல்ல லேப்ல இந்த சராசரியையும் ரிப்போர்ட்லயே போட்டுடறாங்க. சில நாட்டு ரிப்போர்ட்ல சதவீதத்துக்கு பதிலா 48, 53, 64ன்னு பெரிய நம்பரா வரும், அது வேற அளவு முறை, 48ன்னா 6.5 சதவீதம், 53ன்னா 7, 64ன்னா 8. வெளிநாட்டுல இருக்கற புள்ளைங்களுக்கு அப்பா அம்மா ரிப்போர்ட் அனுப்பும்போதும், அவங்க திருப்பி அனுப்பும்போதும் இதுல ஒரு பதட்டம் வருது, 53ஐ பார்த்துட்டு சுகர் 53க்கு இறங்கிடுச்சுன்னு பயந்துட வேணாம்.

5.7க்கு கீழ நார்மல், 5.7ல இருந்து 6.4 வரைக்கும் சுகர் வர்றதுக்கு முந்தின நிலை, 6.5ம் அதுக்கு மேலயும் சுகர். ஆனா எந்த அறிகுறியும் இல்லாம முதல் தடவை 6.5 வந்தா உடனே முத்திரை குத்தக்கூடாது, திரும்ப ஒருதடவை எடுத்தோ இல்ல பாஸ்டிங் சுகர் மாதிரி இன்னொரு டெஸ்ட்டோட சேர்த்து பார்த்தோ உறுதி பண்ணிக்கணும்.

இப்போ நான் இந்த ரிவ்யூ எழுதறதுக்கே காரணமான விஷயத்துக்கு வரேன். ஒருதடவை அம்மாவுக்கு ஏ1சி 7.6 வந்துச்சு. வீட்ல மீட்டர்ல வெறும் வயித்துலயும் சாப்பிட்ட பிறகும் மாத்தி மாத்தி பார்த்துட்டுதான் இருந்தோம், எல்லாம் சேர்த்தா சராசரி 145ஐ ஒட்டி இருந்துச்சு, 7.6ன்னா 171 இருக்கணுமே. அம்மாவுக்கு ஒரே மனசு கஷ்டம், "நான் ஒழுங்காதானேடா இருக்கேன், ஏன் இப்படி காட்டுது"ன்னு கேட்டாங்க. டாக்டர் ரெண்டையும் பக்கத்துல வெச்சு பார்த்தாங்க, மாத்திரையை ஏத்தல, "எப்பவும் டயர்டா இருக்காங்களா, மூச்சு வாங்குதா"ன்னு கேட்டாங்க, உடனே ஹீமோகுளோபினும் இரும்புச்சத்து அளவும் பார்க்க எழுதி குடுத்தாங்க. ஹீமோகுளோபின் 9.2, இரும்பு சுத்தமா இல்ல. இரும்புச்சத்து குறைஞ்ச ரத்த சோகை இருந்தா சுகர் ஏறாமலே ஏ1சி மட்டும் ஏறி காட்டுமாம். இரும்பு குறையறப்போ புது அணு உருவாகறது மந்தமாகி, ரத்தத்துல பழைய அணுதான் அதிகமா இருக்கும், பழசுல சர்க்கரை ஒட்டினதும் அதிகமா இருக்கும், அது ஒரு காரணம். சில மாசம் இரும்பு மாத்திரை சாப்பிட்டு ஹீமோகுளோபின் 12 தாண்டின பிறகு எடுத்ததுல 6.8 வந்துச்சு, சுகர் மாத்திரை ஒண்ணு கூட மாத்தாமலே. அந்த 7.6ஐ நம்பி டோஸை ஏத்தியிருந்தா வயசான மனுஷிக்கு ராத்திரி சுகர் இறங்கி மயக்கம் போட்டிருப்பாங்க, அதை நினைச்சா இப்பவும் எனக்கு பகீர்னு இருக்கு. பெண்களுக்கும் வயசானவங்களுக்கும் ரத்த சோகை எவ்ளோ சகஜம், அப்படி இருக்கும்போது ஏ1சி எழுதற சீட்டுலயே ஹீமோகுளோபினையும் சேர்த்து எழுதறதுல என்ன கஷ்டம்னு எனக்கு புரியல, எல்லா லேபும் இதை ஒண்ணா சேர்த்தே தரணும்.

இதுக்கு நேர் எதிரா எங்க மாமாவுக்கு. கிட்னி கெட்டுப்போய் டயாலிசிஸ்ல இருக்காங்க, ஏ1சி 6.1ன்னு ரொம்ப அழகா வரும், ஆனா மீட்டர்ல வெச்சா 200 சர்வசாதாரணமா காட்டும். டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு சிவப்பணு சீக்கிரம் செத்துடும், ரத்தம் ஊற போடற எரித்ரோபாய்ட்டின் ஊசியால புது அணு நிறைய வரும், புது அணுவுக்கு சர்க்கரை ஒட்டிக்க நேரமே கிடைச்சிருக்காது, அதனால நம்பர் பொய்யா இறங்கும். அணு உடையற வகை ரத்த சோகை, சமீபத்துல ரத்தம் ஏத்தினது, கர்ப்ப காலத்தோட நடு மாசங்களும் கடைசி மாசங்களும், இதுல எல்லாம் இந்த நம்பரை நம்பி உட்காரக்கூடாது. கர்ப்ப கால சுகரை கண்டுபிடிக்க குளுக்கோஸ் குடிக்க வெச்சு பார்க்கற டெஸ்ட்தான், ஏ1சி கிடையாது. இப்படிப்பட்டவங்களுக்கு ஃப்ரக்டோஸமின்னு ஒண்ணு, கிளைக்கேட்டட் ஆல்புமின்னு ஒண்ணு இருக்கு, ரத்தத்துல இருக்கற புரதத்துல எவ்ளோ சர்க்கரை ஒட்டியிருக்குன்னு பார்க்கறது, கடைசி ரெண்டு மூணு வார கதையைதான் சொல்லும், ஆனா சிவப்பணு பிரச்சனை இதை தொடாது. மாமாவுக்கு இப்போ மீட்டரும் கிளைக்கேட்டட் ஆல்புமினும்தான் கணக்கு.

அடுத்தது லேப்ல எந்த முறையில பார்க்கறாங்கங்கறது. ரிப்போர்ட்ல டெஸ்ட் பேருக்கு கீழ சின்ன எழுத்துல ஹெச்பிஎல்சின்னோ இம்யூனோஅஸ்ஸேன்னோ போட்டிருக்கும், அதை தேடி பாருங்க. ஹெச்பிஎல்சின்னா ஹீமோகுளோபின் வகைகளை ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்து அளக்கறது, அதுல கிராப் ஒண்ணும் வரும். அம்மா ரிப்போர்ட்டோட ரெண்டாவது பக்கத்துல அது இருக்கு, இடது பக்கம் குட்டி குட்டியா ரெண்டு மூணு மேடு, நடுவுல கருப்பா நிரப்பின ஒரு மேடு அதுதான் ஏ1சி, கடைசில மலை மாதிரி உசந்து நிக்கறது சர்க்கரை ஒட்டாத சாதாரண ஹீமோகுளோபின். இதை தாண்டி வலது பக்கம் புதுசா ஒரு மேடு முளைச்சிருந்தா பிறவியிலயே வேற வகை ஹீமோகுளோபின் இருக்கலாம், ஈ, எஸ், டின்னு எழுத்து வெச்சு சொல்வாங்க. அது இருந்தா சில முறையில ஏ1சி தப்பா வரும், அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அது வந்தவங்களுக்கு சாதாரண ஹீமோகுளோபினே இருக்காது, அப்போ ஏ1சின்னு அளக்கவே ஒண்ணும் இல்ல. பரம்பரையா வர்ற இந்த விஷயம் பல பேருக்கு சுகர் டெஸ்ட் கிராப்லதான் முதல்ல தெரிய வருது, இதுவே அந்த ரெண்டாவது பக்கத்தை கேட்டு வாங்க போதுமான காரணம். ஒரு லேப்ல எங்களுக்கு ஒரே வரியில ரிப்போர்ட் வந்துச்சு, முறையும் இல்ல, சராசரியும் இல்ல, கிராப் கேட்டதுக்கு "அதெல்லாம் பேஷன்ட்டுக்கு குடுக்கறதில்ல"ன்னுட்டாங்க, அதோட அந்த லேபுக்கு போறதை நிறுத்திட்டோம். காசு குடுத்து நம்ம ரத்தத்தை குடுத்து எடுக்கற ரிப்போர்ட், முழுசா குடுக்கறதுதானே முறை.

லேபை அடிக்கடி மாத்தாதீங்கங்கறதும் முக்கியம். 1996ல இருந்து என்ஜிஎஸ்பின்னு ஒரு அமைப்பு மெஷினுக்கு மெஷின் நம்பர் ஒத்துப்போகற மாதிரி தரம் பார்த்து சான்று குடுக்குது, அதனால இப்போ நிலைமை எவ்வளவோ தேவலாம், இருந்தாலும் நல்ல லேப்லயே 0.2, 0.3 முன்னப்பின்ன வரலாம். போன தடவை 7.1, இந்த தடவை 7.3ன்னா வீட்ல பஞ்சாயத்து வேணாம், அது ஒண்ணுமே இல்லாம இருக்கலாம். 0.5 மாறினாதான் டாக்டருங்க நிஜமான மாற்றம்னு எடுத்துக்கறாங்க.

கிளினிக்ல விரல்ல குத்தி பார்க்கற மெஷின் பத்தி: ஒரு சொட்டு ரத்தம், அஞ்சாறு நிமிஷம், டாக்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கும்போதே நம்பர் வந்துடுது, மருந்து மாத்தறதும் அப்பவே நடந்துடுது. லேபுக்கு ஒரு நாள் டாக்டருக்கு ஒரு நாள்னு அலைய முடியாதவங்களுக்கு நல்ல வசதி, ஏற்கனவே சுகர் இருக்கறவங்க தொடர்ந்து பார்த்துக்க போதும். ஆனா கிராப் எல்லாம் வராது, வேற வகை ஹீமோகுளோபின் இருந்தா கண்ணுல படாது, முதல் தடவை சுகர் இருக்கா இல்லையான்னு முடிவு பண்ண லேப் டெஸ்ட்டையே நம்புங்க.

இந்த நம்பருக்கு ஏன் இவ்ளோ மரியாதைன்னு யோசிக்கறவங்களுக்கு கொஞ்சம் பழைய கதை. 1960கள் கடைசில சாமுவேல் ரஹ்பர்னு ஈரான்காரர் ஒருத்தர் தெஹ்ரான்ல ஹீமோகுளோபின் ஆராய்ச்சி பண்ணும்போது சுகர்காரங்க ரத்தத்துல மட்டும் ஒரு பகுதி அதிகமா இருக்கறதை கவனிச்சார், அதுல இருந்து கிளம்பினதுதான் இதெல்லாம். அப்புறம் 1993ல டிசிசிடின்னு ஒரு பெரிய ஆராய்ச்சி முடிவு வந்துச்சு, டைப் 1 சுகர் இருக்கற 1,441 பேர், ஒரு குரூப்புக்கு ஏ1சி 7ஐ ஒட்டியும் இன்னொரு குரூப்புக்கு 9ஐ ஒட்டியும் வருஷக்கணக்கா இருந்துச்சு. 7ல இருந்தவங்களுக்கு கண் விழித்திரை பாதிப்பு புதுசா வர்றது 76 சதவீதம் குறைஞ்சுது. 1998ல யுகேபிடிஎஸ்னு இங்கிலாந்து ஆராய்ச்சி டைப் 2க்கும் இதே திசையில சொல்லிச்சு. 7ங்கற நம்பரை டாக்டருங்க திரும்ப திரும்ப சொல்றதுக்கு பின்னாடி இத்தனை பேரோட கண்ணும் கிட்னியும் நரம்பும் இருக்கு.

ஆனா 7 நல்லதுன்னா 6 இன்னும் நல்லதுன்னு விரட்டக்கூடாது. அக்கார்டுன்னு ஒரு ஆராய்ச்சி, ஏற்கனவே இதய ரிஸ்க் இருக்கற டைப் 2காரங்க பத்தாயிரத்துக்கும் மேல, அதுல ஒரு குரூப்பை 6க்கு கீழ கொண்டு வர மருந்தை கூட்டி கூட்டி பார்த்தாங்க, அந்த குரூப்ல இறப்பு அதிகமா இருந்ததால 2008ல அந்த சிகிச்சையை பாதியிலயே நிறுத்தினாங்க. அதனால வயசு, இதயம், சுகர் அடிக்கடி கீழ இறங்குமா இல்லையா, இதெல்லாம் பார்த்துதான் இலக்கு. இள வயசுக்காரருக்கு 6.5 சரியா இருக்கலாம், பல நோயோட இருக்கற பெரியவருக்கு 8க்கு கீழ இருந்தாலே போதும்னு டாக்டர் சொல்லலாம், பக்கத்து வீட்டுக்காரர் நம்பரோட நம்ம நம்பரை ஒப்பிட்டு பார்க்கறது வேலைக்கே ஆகாது.

நம்பர் அதிகமா வந்தா எங்க கை வெக்கணும்னு தெரியறதுக்கும் ஒரு வழி இருக்கு, இது எனக்கு ரொம்ப உபயோகமா இருந்துச்சு. 2003ல பிரான்ஸ்ல மோனியேங்கறவரோட டீம் பார்த்தது, ஏ1சி 10க்கு மேல இருந்தா அதுல பெரும்பங்கு வெறும் வயித்து சுகரால வருது, 7.3க்கு கீழ வந்த பிறகு மிச்சம் இருக்கறதுல 70 சதவீதம் சாப்பிட்ட பிறகு ஏறற சுகர். அதாவது 7.2லயே சுத்திட்டு இருக்கறவங்க தினமும் காலையில பாஸ்டிங் மட்டும் பார்த்துட்டு "எல்லாம் நல்லாதானே இருக்கு"ன்னு குழம்பினா பதில் கிடைக்காது, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஸ்ட்ரிப்பை செலவு பண்ணணும்.

சென்சார் விஷயம். ஏ1சியோட பெரிய குறை அது வெறும் சராசரிங்கறது, நாள் முழுக்க 120க்கும் 190க்கும் நடுவுல இருக்கறவருக்கும் 50க்கும் 300க்கும் குதிச்சுட்டு இருக்கறவருக்கும் ஒரே 7 வரலாம். அந்த ரெண்டாவது ஆளை கண்டுபிடிக்க சென்சார்தான் சரி. அம்மாவுக்கு கையில ஒட்டினப்போ விடியற்காலையில சுகர் தானா ஏறறது கோடு மாதிரி தெளிவா தெரிஞ்சுது, இது எந்த ஏ1சிலயும் தெரிய வாய்ப்பே இல்ல. 70க்கும் 180க்கும் நடுவுல எவ்ளோ நேரம் இருக்கோம்னு அதுல சதவீதமா வரும், 70 சதவீதத்துக்கு மேல, அதாவது ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 17 மணி நேரம் இருந்தா அது சுமாரா ஏ1சி 7க்கு சமம், 70க்கு கீழ போறது 4 சதவீதத்துக்குள்ள இருக்கணும். சென்சாரோட ஃபோன் செயலிலயே ஜிஎம்ஐன்னு ஒரு நம்பரும் வரும், அது ஏ1சி மாதிரியே இருக்கும் ஆனா ஏ1சி இல்ல, சென்சார் பதிவு பண்ணின சில நாள் சராசரியில இருந்து கணக்கு போட்டது, லேப் நம்பரோட ஒத்துப்போகலன்னா சென்சார் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, ரெண்டும் எப்பவுமே 1 அளவுக்கு தள்ளி தள்ளி வந்தா ரத்த சோகை இருக்கான்னு பார்க்க சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. இன்சுலின் போடறவங்களுக்கு சென்சார் தொடர்ந்து இருந்தா நல்லது, மாத்திரை மட்டும் சாப்பிடறவங்களுக்கு வருஷத்துல எப்பவாவது ஒட்டி பார்த்தாலே நிறைய விஷயம் புரிஞ்சுடும், அதுக்காக ஏ1சியை நிறுத்த வேணாம்.

எவ்ளோ அடிக்கடி எடுக்கறதுன்னா, கன்ட்ரோல்ல இருக்கறவங்க வருஷத்துக்கு ரெண்டு தடவை, மருந்து மாத்தினவங்களும் இலக்குக்கு வராதவங்களும் மூணு மாசத்துக்கு ஒருதடவை. மருந்து மாத்தி மூணு வாரத்துலயே எடுத்து பார்த்து மனசு உடைஞ்சு போக வேணாம், பழைய அணு எல்லாம் இன்னும் உள்ளதான் ஓடிட்டு இருக்கும். டாக்டரை பார்க்கறதுக்கு சில நாள் முன்னாடி அதே லேப்ல எடுத்துடுங்க, கூடவே ஹீமோகுளோபின் எழுதி வாங்குங்க, கிராப் பக்கத்தையும் சேர்த்து பிரிண்ட் கேளுங்க, கடைசி ரெண்டு மூணு வார மீட்டர் நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி அந்த ரிப்போர்ட்டோடயே பின் பண்ணி எடுத்துட்டு போங்க.